தன்னெதிர்ப்பு மூளை அழற்சி: ஸ்டீராய்டா, ஐ.வி.ஐ.ஜி.யா, பிளாஸ்மா மாற்றா, ரிட்டுக்சிமாபா?

“ஸ்டீராய்டு தொடங்கிவிட்டோம். அதோடு ஐ.வி.ஐ.ஜி. போடலாம், இல்லையென்றால் பிளாஸ்மா மாற்றலாம். வீட்டில் கலந்து பேசிவிட்டு நாளைக் காலை சொல்லுங்கள்.” நரம்பியல் மருத்துவர் இப்படிச் சொல்லிவிட்டுப் போனபின் தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில் நிற்கும் குடும்பத்தார் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கின்றன. எது வலுவான மருந்து? எதில் பக்கவிளைவு குறைவு? விலை கூடியதைப் போட்டால் விரைவில் தெளிந்துவிடுமா? நகையை அடகு வைத்தாவது அதையே போடச் சொல்லலாமா?

தன்னெதிர்ப்பு மூளை அழற்சிக்குத் தரப்படும் ஸ்டீராய்டு, ஐ.வி.ஐ.ஜி. (நரம்பில் ஏற்றும் இம்யூனோகுளோபுலின்), பிளாஸ்மா மாற்று, ரிட்டுக்சிமாப் ஆகிய நான்கு சிகிச்சைகளையும் நேருக்கு நேர் நிறுத்தி, போதுமான எண்ணிக்கையில் நோயாளிகளைக் கொண்டு எது மேல் என்று தீர்த்துச் சொன்ன ஆய்வு எதுவும் இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். நோய் அரிதானது, படுக்கையில் கிடப்பவருக்குச் சிகிச்சை தராமல் வைத்து ஒப்பிடவும் மனம் ஒப்பாது. ஆகவே மருத்துவர்களின் தேர்வு பெருமளவுக்கு அனுபவத்தையும், நோயாளியின் உடல்நிலையையும், அந்த மருத்துவமனையில் எந்த வசதி உண்டு என்பதையும் சார்ந்தே அமைகிறது. அதனால்தான் குடும்பத்தார் சொல்லும் தகவல்களுக்கும் அவர்களுடைய பொருளாதார நிலைக்கும் இந்த முடிவில் உண்மையான இடம் இருக்கிறது. எந்த மருந்து என்ற கேள்வியை விட, எந்த நாளில் தொடங்கினோம், முதல் சுற்று பலிக்காவிட்டால் இரண்டாம் சுற்றுக்குக் கையில் என்ன மிச்சம் இருக்கிறது என்ற இரண்டும்தான் அதிகம் தீர்மானிக்கின்றன என்பது என் கருத்து. கீழே வரும் ஒப்பீடு அந்தக் கருத்தோடுதான் எழுதப்பட்டிருக்கிறது.

## முடிவெடுக்கத் தேவையான அளவுக்கு நோயைப் பற்றி

கிருமிகளை எதிர்க்க உடல் உண்டாக்கும் ஆன்டிபாடிகள், வழி தவறி, மூளை நரம்பணுக்களின் மேலுள்ள புரதங்களைப் பற்றிக்கொள்வதே இந்த நோய். மருத்துவமனைகளில் ஆட்டோஇம்யூன் என்செபலைட்டிஸ் என்று எழுதுவார்கள். இதில் அதிகம் அறியப்பட்டது, நரம்பணுவின் மேலுள்ள என்.எம்.டி.ஏ. ஏற்பி என்ற புரதத்தை ஆன்டிபாடி பற்றிக்கொள்ளும் வகை. இந்த என்.எம்.டி.ஏ. வகையை ஜோசப் டால்மாவும் அவருடைய குழுவினரும் 2007-ஆம் ஆண்டில் 12 பெண்களின் நோய்க் குறிப்புகளோடு விவரித்தார்கள். அவர்களில் பெரும்பாலோருக்குச் சினைப்பையில் டெரடோமா என்னும் கட்டி இருந்தது. ஆன்டிபாடி பற்றிக்கொண்ட ஏற்பிகள் நரம்பணுவின் உள்ளே இழுக்கப்பட்டுக் குறைந்துபோகின்றனவே தவிர, அணு உடனே செத்துவிடுவதில்லை. ஆன்டிபாடி குறைந்தால் ஏற்பிகள் மீண்டும் மேலே வருகின்றன. மாதக்கணக்கில் நினைவின்றிக் கிடந்தவர்கள் எழுந்து கல்லூரிக்குப் போவதற்கு இதுவே காரணம்.

என்.எம்.டி.ஏ. வகை பெரும்பாலும் இளம்பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருகிறது. தூக்கம் கெடும், சந்தேகமும் பயமும் கூடும், சம்பந்தமில்லாமல் பேசுவார்கள். பிறகு வாயும் கையும் தாமாக அசையத் தொடங்கும், வலிப்பு வரும், பேச்சு நின்றுபோகும், இரத்த அழுத்தமும் நாடித்துடிப்பும் ஏறி இறங்கும். தொடக்கம் மனநோய் போலவே தோன்றுவதால் முதலில் மனநல மருத்துவரிடமோ, அதற்கும் முன்பு மந்திரிப்பவரிடமோ போவது நம் ஊரில் வழக்கமாக நடக்கிறது. அதைக் குறை சொல்ல முடியாது. மனநலச் சிகிச்சை தொடங்கிய சில நாட்களில் உடல் விறைத்தாலோ, காய்ச்சலோ வலிப்போ வந்தாலோ நரம்பியல் பிரிவுக்கு மாற்றச் சொல்லிக் கேட்பதுதான் முக்கியம். எல்.ஜி.ஐ.1 என்ற வேறொரு புரதத்தை ஆன்டிபாடி தாக்கும் வகை வேறு முகம் காட்டும். பெரும்பாலும் ஐம்பதைக் கடந்தவர்கள், அவர்களிலும் ஆண்கள் அதிகம். காபி டம்ளர் கையிலிருந்து நழுவும் அளவுக்கு ஒரு பக்கக் கையும் முகமும் கணநேரம் வெட்டி இழுக்கும், ஒரு நாளில் பலமுறை வரும். மறதி கூடிக்கொண்டே போகும். இரத்தத்தில் சோடியம் குறைந்திருக்கும். இதை ‘வயசாயிடுச்சு’ என்று விட்டுவிடுகிறோம்.

2016-இல் வெளிவந்த பன்னாட்டு வழிகாட்டுதல், மூன்று மாதங்களுக்குள் வேகமாக வந்த நினைவுக் குறைவு, குழப்பம் அல்லது மனநல மாற்றத்தோடு, வலிப்பு, முதுகுத்தண்டு நீரில் வெள்ளணு அதிகரிப்பு, எம்.ஆர்.ஐ. மாற்றம் போன்ற ஏதாவது ஓர் அறிகுறியும் இருந்து, வேறு காரணங்களும் விலக்கப்பட்டால், ஆன்டிபாடி முடிவுக்குக் காத்திராமலே இந்நோயாக இருக்கக்கூடும் என்று கருதலாம் என்கிறது. எம்.ஆர்.ஐ. இயல்பாக இருப்பதால் நோய் இல்லை என்றாகாது, என்.எம்.டி.ஏ. வகையில் அது பெரும்பாலும் இயல்பாகவே இருக்கும்.

முதுகில் ஊசி போட்டு நீர் எடுப்பதற்குச் சம்மதிக்கத் தயங்குவதால் வீணாகும் நாட்கள் ஏராளம். ‘முதுகுத்தண்டில் கை வைத்தால் கால் விழுந்துவிடும்’ என்ற பயம் பரவலாக இருக்கிறது. தண்டுவடம் முடிந்த இடத்துக்குக் கீழேதான் ஊசி போடுகிறார்கள். பொதுவாக வருவது சில நாள் தலைவலி. என்.எம்.டி.ஏ. ஆன்டிபாடி இரத்தத்தில் இல்லாமல் அந்த நீரில் மட்டும் தென்படும் நோயாளிகளும் உண்டு என்பதால் இரண்டையும் சோதிப்பதே முறை.

வேறு காரணங்களை விலக்குவது என்பது நம் பகுதியில் பெயருக்குச் செய்யும் காரியம் அன்று. ஹெர்பிஸ் மூளைக்காய்ச்சல், காசநோய் மூளையுறை அழற்சி, ஸ்க்ரப் டைஃபஸ், டெங்கு, ஜப்பானிய மூளைக்காய்ச்சல் ஆகியவை எல்லாம் இதே வேடத்தில் வரக்கூடியவை. அதனால்தான் ஹெர்பிஸ் பரிசோதனை முடிவு வரும்வரை அசைக்ளோவிர் ஓடிக்கொண்டிருக்கும். ‘எதற்கு இரண்டு நோய்க்கும் சேர்த்து மருந்து’ என்று அதை நிறுத்தச் சொல்ல வேண்டாம். எதிர்த் திசையில் ஒரு தவறும் நடக்கிறது: தைராய்டு ஆன்டிபாடி கூடியிருக்கிறது என்ற ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு மூளை அழற்சி என்று முத்திரை குத்திவிடுவது. அந்த ஆன்டிபாடி நலமாக இருக்கும் எத்தனையோ பேரிடம் இருக்கிறது.

## எந்த அளவுகோல்களால் எடைபோடுவது?

முதலாவது, எவ்வளவு விரைவில் தொடங்க முடியும் என்பது. 577 என்.எம்.டி.ஏ. நோயாளிகளைப் பற்றி 2013-இல் வெளியான ஆய்வில், விரைவாகச் சிகிச்சை பெற்றவர்களே நன்றாகத் தேறினார்கள். முதல் சுற்றுச் சிகிச்சையால் நான்கு வாரங்களுக்குள் முன்னேறியவர்கள் 53 சதவீதம். அதாவது, பாதிக்குச் சற்றுக் குறைவானவர்களுக்கு முதல் சுற்று அந்த நான்கு வாரங்களில் போதவில்லை. பணத்தைத் திட்டமிடும்போது இந்த எண்ணை மறக்கக்கூடாது.

இரண்டாவது, நோயாளியின் உடல்: சர்க்கரை, சிறுநீரகம், இதயம், பழைய காசநோய், மஞ்சள் காமாலை வரலாறு, இரத்த அழுத்தம் நிலையாக இருக்கிறதா என்பது. மூன்றாவது, அந்த வசதி அதே கட்டடத்தில் இருக்கிறதா என்பது. நான்காவது, மருந்தின் விலையோடு நின்றுவிடாத மொத்தச் செலவு. ஐந்தாவது அதிகம் பேசப்படாதது: இன்று எடுக்கும் முடிவு நாளைய முடிவை எப்படிக் கட்டுப்படுத்தும் என்பது. ஒரு மருந்தை மற்றொன்று உடம்பிலிருந்து வெளியேற்றிவிடலாம். ஒரு மருந்து போட்டபின் சில பரிசோதனைகள் பொய்யான முடிவைத் தரலாம். வரிசையும் ஒரு சிகிச்சை முடிவுதான்.

இவை ஒன்றை எடுத்தால் மற்றதை விட வேண்டிய தேர்வுகளும் அல்ல. ஸ்டீராய்டோடு ஐ.வி.ஐ.ஜி. சேர்த்தோ, ஸ்டீராய்டோடு பிளாஸ்மா மாற்றைச் சேர்த்தோ தொடங்குவதே பல இடங்களில் வழக்கம். உண்மையான கேள்வி எதை எதோடு, எப்போது சேர்ப்பது என்பதே.

## ஸ்டீராய்டு

மெத்தில்பிரெட்னிசலோன் நாளொன்றுக்கு 1 கிராம் வீதம் மூன்று முதல் ஐந்து நாள் நரம்பில் ஏற்றி, பிறகு பிரெட்னிசலோன் மாத்திரையாக மாற்றி, வாரங்கள் அல்லது மாதங்கள் கணக்கில் படிப்படியாகக் குறைப்பார்கள். எந்த மருத்துவமனையிலும் அன்றே தொடங்கலாம். மற்ற மூன்றோடு ஒப்பிட்டால் மருந்தின் விலை மிகக் குறைவு. எல்.ஜி.ஐ.1 வகையில் இதன் பலன் பல நேரங்களில் வியக்கத்தக்கது. வலிப்பு மருந்துக்கு அடங்காத வெட்டுகள் சில நாட்களில் குறைந்துவிடுவதுண்டு.

மறைந்திருக்கும் செலவு சர்க்கரையில் தொடங்குகிறது. சென்னையில் ஐம்பது வயதுக்காரருக்குச் சர்க்கரை இல்லையென்றால்தான் ஆச்சரியம். 1 கிராம் ஸ்டீராய்டு ஏறியதும் அது முந்நூறு, நானூறு என்று போகும், இன்சுலின் தேவைப்படும், விரலில் குத்திப் பார்க்கும் பட்டைகள் தீர்ந்துகொண்டே இருக்கும். பழைய காசநோய் மீண்டும் தலைதூக்கலாம். ஆகவே தொடங்குமுன் மார்பு எக்ஸ்ரே எடுத்திருக்கிறார்களா, முதுகுநீரில் காசநோய்க்கான பரிசோதனை போயிருக்கிறதா என்று கேளுங்கள். தூக்கமின்மையும் மனக்கொந்தளிப்பும் ஸ்டீராய்டாலேயே வரக்கூடியவை. ஏற்கெனவே கொந்தளிப்பில் இருக்கும் நோயாளிக்கு இது நோயா மருந்தா என்று மருத்துவரே திணறும் நாட்கள் உண்டு. மூளையில் லிம்போமா என்னும் புற்றுநோய் இருக்கலாம் என்ற ஐயம் இருந்தால் திசுப் பரிசோதனைக்கு முன் ஸ்டீராய்டு கொடுப்பது விடையை மறைத்துவிடும் என்பதால் அப்போது மட்டும் மருத்துவர் தயங்குவார்.

பெரிய ஆபத்து வீட்டில்தான் காத்திருக்கிறது. முகம் உப்பிவிட்டது, உறவினர் கேட்கிறார்கள், ‘ஸ்டீராய்டு உடம்புக்கு ஆகாது’ என்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள் என்று மாத்திரையைத் திடீரென நிறுத்திவிடுகிறார்கள். நோய் திரும்புவது ஒருபுறம். உடல் தன் சொந்த ஸ்டீராய்டு சுரப்பை நிறுத்தியிருக்கும் நிலையில் இரத்த அழுத்தம் விழுந்து உயிருக்கே ஆபத்தாவது மறுபுறம். ஸ்டீராய்டைத் தேர்வது என்றால் குறைக்கும் அட்டவணையையும், கால்சியம், வைட்டமின் டி, வயிற்றுப் பாதுகாப்பு மாத்திரை ஆகியவற்றையும் சேர்த்துத் தேர்வதாகும்.

## ஐ.வி.ஐ.ஜி.

ஆயிரக்கணக்கானோர் அளித்த இரத்தத்தின் பிளாஸ்மாவிலிருந்து பிரித்தெடுத்த இம்யூனோகுளோபுலின் இது. எடையில் கிலோவுக்கு 0.4 கிராம் வீதம் ஐந்து நாள், மொத்தம் கிலோவுக்கு 2 கிராம் என்பது வழக்கமான அளவு. 60 கிலோ எடையுள்ளவருக்கு 120 கிராம். 5 கிராம் குப்பிகளாக வாங்கினால் 24 குப்பி. ஒரு குப்பியின் விலையை மருந்தகத்தில் கேட்டு 24-ஆல் பெருக்கினால் கணக்கு லட்சங்களில் வந்து நிற்கும். நிறுவனத்துக்கு நிறுவனம் விலை வேறுபடுவதால், அதே மருந்து வேறு பெயரில் குறைந்த விலைக்குக் கிடைக்குமா என்று மருத்துவமனை மருந்தகத்தில் கேட்பதில் கூச்சம் வேண்டாம். வெளியிலிருந்து வாங்கி வர அனுமதி உண்டா என்பதையும் கேளுங்கள். குளிரில் வைக்க வேண்டிய குப்பிகளை மே மாத வெயிலில் இரு சக்கர வண்டியில் பையில் போட்டுக் கொண்டுவருவதானால், ஐஸ் பெட்டி இல்லாமல் செய்யாதீர்கள்.

கட்டிலருகே பார்த்தால் இது எளிய சிகிச்சையாகத்தான் தெரியும். குளிர்ப்பெட்டியிலிருந்து எடுத்த குப்பியைச் செவிலியர் சற்று நேரம் வெளியே வைப்பார். குலுக்கினால் நுரைத்துவிடும் என்பதால் மெல்லச் சாய்ப்பார். முதல் அரை மணி நேரம் மிக மெதுவாக விட்டு, குளிர் நடுக்கமோ நெஞ்சு இறுக்கமோ இல்லையென்று பார்த்தபின் வேகத்தைக் கூட்டுவார். ஒவ்வொரு குப்பியின் ஒட்டுச்சீட்டையும் உரித்து நோயாளியின் கேஸ் ஷீட்டில் ஒட்டுவார். அந்த ஒட்டுச்சீட்டுகளைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். காப்பீட்டுக் கோரிக்கைக்கு அவை உதவும். கழுத்தில் பெரிய குழாய் வேண்டாம், தனி இயந்திரம் வேண்டாம், இரவிலும் தொடரலாம். கை கால்களை உதறிக்கொண்டு, குழாய்களைப் பிடுங்கும் நிலையில் இருக்கும் நோயாளிக்கும், சிறு குழந்தைக்கும் இந்த எளிமை பெரிய வரம். சர்க்கரை மிகக் கூடியவர்களுக்கும், தொற்று சந்தேகம் முழுவதும் விலகாதவர்களுக்கும் ஸ்டீராய்டை விட இது தயக்கமின்றித் தரக்கூடியது. எல்.ஜி.ஐ.1 உள்ளிட்ட வகைகளில் 17 பேரைக் கொண்டு நடந்த ஒரு சிறிய ஆய்வில், ஐ.வி.ஐ.ஜி. பெற்ற 8 பேரில் 6 பேருக்கு வலிப்பு பாதியாகவோ அதற்கும் கீழாகவோ குறைந்தது. வெற்று மருந்து பெற்ற 9 பேரில் 2 பேருக்கே அப்படி ஆனது. சிறிய ஆய்வுதான், ஆனாலும் இந்த நோயில் அத்தகைய ஆய்வுகளே அரிது.

மறைவான விஷயங்கள் மூன்று. சிறுநீரகக் கோளாறு உள்ளவருக்கும், இரத்தம் உறையும் ஆபத்துள்ளவருக்கும், நெடுநாள் படுக்கையில் கிடக்கும் வயதானவருக்கும் இது பாதுகாப்பானது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. இரண்டாம் மூன்றாம் நாளில் கடும் தலைவலி, வாந்தி வருவதும் உண்டு. அடுத்தது, பிறருடைய ஆன்டிபாடிகள் உடம்பில் ஏறிவிடுவதால், ஹெபடைட்டிஸ் பி போன்றவற்றுக்கான சில இரத்தப் பரிசோதனைகள் அதன்பின் தவறான முடிவைக் காட்டலாம். பிற்பாடு ரிட்டுக்சிமாப் தேவைப்பட்டால் அந்தப் பரிசோதனைதான் நுழைவாயில். எனவே அதற்கான இரத்தத்தையும், ஆன்டிபாடி சோதனைக்கான இரத்தத்தையும் முதல் குப்பி ஏறுமுன் எடுத்துவிட்டார்களா என்று கேட்பது, ஒரு ரூபாய் செலவில்லாத, ஆனால் பின்னால் பெரும் குழப்பத்தைத் தவிர்க்கும் கேள்வி. மூன்றாவது குழந்தைகளுக்கானது: இந்த அளவு ஐ.வி.ஐ.ஜி. பெற்ற குழந்தைக்குத் தட்டம்மைத் தடுப்பூசியை ஏறத்தாழ 11 மாதம் தள்ளிப்போட வேண்டியிருக்கும்.

## பிளாஸ்மா மாற்று

கழுத்து அல்லது தொடையிலுள்ள பெரிய நாளத்தில் குழாய் பொருத்தி, இரத்தத்தை வெளியே எடுத்து, ஆன்டிபாடி கலந்த பிளாஸ்மாவைப் பிரித்து நீக்கி, அதற்குப் பதில் அல்புமின் என்னும் புரதக் கரைசலோ தானமாகப் பெற்ற பிளாஸ்மாவோ சேர்த்துத் திரும்ப ஏற்றுகிறார்கள். ஒருநாள் விட்டு ஒருநாளாக ஐந்து முதல் ஏழு முறை. ஒரு முறை முழுப் பிளாஸ்மா அளவை மாற்றினால் இரத்தத்தில் உள்ள ஆன்டிபாடியில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு போய்விடும். மூளைக்குள்ளேயே உற்பத்தியாகும் ஆன்டிபாடியை இது நேரடியாக எட்டாது என்பதையும் சொல்ல வேண்டும்.

ஸ்டீராய்டுக்கும் ஐ.வி.ஐ.ஜி.க்கும் அசையாமல் நோய் வேகமாகக் கடுமையாகும்போதும், ஸ்டீராய்டு தர முடியாதபோதும் இதன் மதிப்பு கூடுகிறது. நன்கு நடக்கும் சிறுநீரகப் பிரிவோ இரத்த வங்கியோ உள்ள மருத்துவமனையில், மொத்தச் செலவு ஐ.வி.ஐ.ஜி.யை விடக் குறைவாக முடிவதும் உண்டு. ஆனால் அந்தக் கணக்கை அல்புமின் குப்பிகள், வடிகட்டித் தொகுப்பு, குழாய் பொருத்தும் கட்டணம், கூடுதலாகும் தீவிர சிகிச்சை நாட்கள் ஆகியவற்றைச் சேர்த்துப் போட வேண்டும். ஒரு முறைக்கான கட்டணத்தை மட்டும் சொன்னால் அது முழுக் கணக்கு ஆகாது.

என்.எம்.டி.ஏ. வகையில் இரத்த அழுத்தமும் இதயத்துடிப்பும் காரணமில்லாமல் ஏறி இறங்கும் நோயாளிகளுக்கு, இரத்தத்தை வெளியே எடுத்துச் சுழற்றும் இச்சிகிச்சை ஆபத்தானதாகலாம். உதறிக்கொண்டிருப்பவருக்குக் கழுத்துக் குழாய் நிற்காது. மயக்க மருந்து கொடுத்துக் கிடத்த வேண்டியிருக்கும். குழாயால் தொற்று, கால்சியம் குறைவு, இரத்தம் உறையும் பொருட்கள் குறைந்து கசிவு ஆகியவையும் கவனிக்க வேண்டியவை. வரிசை முக்கியமாவது இங்கேதான். லட்சங்கள் கொடுத்து ஐ.வி.ஐ.ஜி. ஏற்றிய அடுத்த நாளே பிளாஸ்மா மாற்றினால் அந்த மருந்து வடிகட்டியோடு போய்விடும், ரிட்டுக்சிமாப்பும் அப்படியே. இரண்டும் தேவைப்படும் என்று மருத்துவர் எண்ணினால் பிளாஸ்மா மாற்று முன்பு, ஐ.வி.ஐ.ஜி. பின்பு என்பதே பொருள் உள்ள வரிசை. ‘அடுத்த கட்டம் என்னவாக இருக்கும்?’ என்று முதல் நாளே கேட்கச் சொல்வது இதற்காகவே.

## ரிட்டுக்சிமாப்

ஆன்டிபாடி உற்பத்தியின் தொடக்கத்தில் இருக்கும் பி அணுக்கள் என்னும் வெள்ளணுக்களை அழிக்கும் மருந்து. வாரம் ஒருமுறை நான்கு வாரமோ, 1 கிராம் வீதம் இரண்டு வார இடைவெளியில் இருமுறையோ தருவார்கள். வாரந்தோறும் தரும் முறையில் உடற்பரப்பின் சதுர மீட்டருக்கு 375 மில்லிகிராம் என்று கணக்கிடுவதால், 1.6 சதுர மீட்டர் உள்ளவருக்கு வாரத்துக்கு 600 மில்லிகிராம் வரும். ஒரு 500 குப்பியும் ஒரு 100 குப்பியும் வாங்கினால் சரியாகப் போகும், மீதி வீணாகாது. இந்தியாவில் இதன் உள்நாட்டுப் பதிப்பு ரெடிடக்ஸ் என்ற பெயரில் 2007-இலேயே வந்துவிட்டது, என்.எம்.டி.ஏ. நோய் உலகுக்குத் தெரியவந்த அதே ஆண்டில், அதற்குப் பிற்பாடு பயன்படப்போகும் மருந்து நம்மவர்களுக்கு விலை குறைந்தது தற்செயலான நல்வாய்ப்பு. இன்று பல உள்நாட்டு நிறுவனங்கள் தயாரிப்பதால், முழுச் சுற்றும் ஐ.வி.ஐ.ஜி.யின் ஒரு சுற்றை விடக் குறைந்த விலையில் முடியலாம்.

இரண்டாம் கட்ட மருந்து என்ற பெயரால் இதைக் கடைசிப் புகலாக நினைக்கிறார்கள். 2013 ஆய்வில் முதல் சுற்றுக்குத் தேறாதவர்களில், ரிட்டுக்சிமாப், சைக்ளோபாஸ்பமைடு போன்ற இரண்டாம் கட்டச் சிகிச்சை பெற்றவர்கள் பெறாதவர்களை விட நன்றாகத் தேறினார்கள். ஆகவே முதல் சுற்று முடிந்து ஓரிரு வாரங்களில் அசைவு இல்லையென்றால் ‘இன்னும் கொஞ்ச நாள் பார்ப்போம்’ என்று மாதக்கணக்கில் இழுப்பதை விட, இதைப் பற்றிப் பேசத் தொடங்குவதே மேல். நான் பார்த்த வரையில் பல குடும்பங்கள் இந்தக் கட்டத்தில்தான் கையை விரிக்கின்றன. பெரும்பணத்தை முதல் வாரத்திலேயே கரைத்திருப்பார்கள்.

இது வேலை செய்ய வாரங்கள் ஆகும். நெருக்கடிக்கு உடனடி விடை தராது. ஹெபடைட்டிஸ் பி உள்ளே பதுங்கியிருந்தால் கல்லீரலைச் சாய்க்கும் அளவுக்கு எழும்பலாம் என்பதால் முன்பரிசோதனை கட்டாயம். காசநோய் பரிசோதனையும் சேர்த்துச் செய்வார்கள். அதன்பின் சில மாதங்களுக்குத் தடுப்பூசிகள் சரியாகப் பிடிக்காது. தொற்றுக்கு அஞ்சிக் காய்ச்சல் வந்த அன்றே மருத்துவரைப் பார்க்க வேண்டியிருக்கும்.

சைக்ளோபாஸ்பமைடு விலை குறைந்தது, கடும் நோய்க்கு உதவுவது. ஆனால் கருத்தரிக்கும் திறனைப் பாதிக்கலாம். என்.எம்.டி.ஏ. நோயாளிகளில் இளம்பெண்கள் அதிகம் என்பதால், விலையை மட்டும் பார்த்து அதற்குச் சம்மதிக்குமுன் சினைப்பையைக் காக்க என்ன செய்யலாம் என்று கேட்கும் உரிமை குடும்பத்துக்கு உண்டு.

## ஒரே பார்வையில்

| அளவுகோல் | ஸ்டீராய்டு | ஐ.வி.ஐ.ஜி. | பிளாஸ்மா மாற்று | ரிட்டுக்சிமாப் |
|---|---|---|---|---|
| தொடங்கும் வேகம் | அன்றே | மருந்து கிடைத்த நாளே | குழாய், இயந்திரம், ஆட்கள் தேவை | முன்பரிசோதனைக்குப் பின் |
| நீளம் | 3–5 நாள், பிறகு மாத்திரை | 5 நாள் | 10–14 நாள் | 2–4 வாரம் |
| மருந்துச் செலவு | மிகக் குறைவு | மிக அதிகம், எடையோடு ஏறும் | இடத்துக்கு இடம் மாறும் | இடைப்பட்டது |
| மறைந்த செலவு | சர்க்கரை, தொற்று, நீண்ட மாத்திரைக் காலம் | சிறுநீரகம், இரத்த உறைவு, பொய்யான பரிசோதனை முடிவு | அல்புமின், தீவிர சிகிச்சை நாட்கள் | தொற்றுக் கண்காணிப்பு, தடுப்பூசி |
| தயங்க வேண்டியவர் | காசநோய் சந்தேகம், அடங்காத சர்க்கரை | சிறுநீரகக் கோளாறு | இரத்த அழுத்தம் நிலையில்லாதவர் | ஹெபடைட்டிஸ் பி |

## யாருக்கு எது?

இருபது வயதுப் பெண், கொந்தளிப்பு, வலிப்பு, வாய் அசைவு, இரத்த அழுத்தம் நிலையில்லை: ஸ்டீராய்டோடு ஐ.வி.ஐ.ஜி. என்ற பக்கமே என் மனம் சாயும். அதற்கும் முன்னதாக, வயிற்றுக்கும் இடுப்புக்கும் ஸ்கேன். சினைப்பையில் டெரடோமா இருந்தால் அதை எடுப்பதே சிகிச்சையின் முதல் படி. கட்டியை உள்ளே விட்டுவிட்டு எத்தனை குப்பி ஏற்றினாலும் பலன் அரைகுறைதான். ‘கல்யாணம் ஆகாத பெண்ணுக்கு வயிற்றில் ஆபரேஷனா?’ என்று தயங்கும் குடும்பங்களுக்கு ஒன்று சொல்லலாம்: பல நேரங்களில் சினைப்பையைக் காப்பாற்றிக்கொண்டு கட்டியை மட்டும் எடுக்க முடிகிறது.

அறுபது வயது ஆண், கையும் முகமும் வெட்டி இழுக்கின்றன, சோடியம் குறைவு, சர்க்கரை கட்டுக்குள்: ஸ்டீராய்டே முன்னால் வரும், செலவைத் தாங்க முடியாத குடும்பம் இதனால் குற்றவுணர்வு கொள்ள வேண்டியதில்லை. அதே ஆளுக்குச் சர்க்கரை கட்டுக்கடங்காமல் போனால் ஐ.வி.ஐ.ஜி.யையோ பிளாஸ்மா மாற்றையோ சேர்த்து, ஸ்டீராய்டை விரைவாகக் குறைக்கலாமா என்று கேட்கலாம். புகைப்பிடிக்கும் முதியவருக்கு, காபா-பி என்ற இன்னொரு ஏற்பிக்கு எதிரான ஆன்டிபாடி வந்திருந்தால் நுரையீரல் ஸ்கேன் எடுக்காமல் எந்த ஒப்பீடும் பொருளற்றது. பின்னால் புற்றுநோய் இருக்கக்கூடும்.

பத்து நாட்கள் முன்பு ஹெர்பிஸ் மூளைக்காய்ச்சல் தீர்ந்து வீடு திரும்பிய குழந்தை மீண்டும் உளறத் தொடங்கினால், அதைக் காய்ச்சலின் மிச்சம் என்று விட்டுவிடக் கூடாது. ஹெர்பிஸ் இந்தத் தன்னெதிர்ப்பு நோயைத் தூண்டிவிடுவது நன்கு அறியப்பட்டது. முன்பு செய்திருந்தாலும் ஆன்டிபாடி சோதனை இப்போது அவசியம்.

ஒரே மாதத்தில் மூன்று மனநல மருந்துகள் மாற்றியும் உடல் விறைத்துப் பேச்சற்றுக் கிடப்பவருக்கு ஹாலோபெரிடால் போன்ற மருந்துகளின் அளவைக் கூட்டிக்கொண்டே போவது ஆபத்து. இந்நோயாளிகள் அவற்றைத் தாங்குவதில்லை. அந்த நிலையில் நான்கில் எது என்பதற்கு முன், நோய் எது என்று பார்க்க வேண்டும்.

## சென்னையில் எங்கே?

சென்ட்ரல் ரயில் நிலையத்துக்கு எதிரேயுள்ள ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையின் நரம்பியல் நிறுவனமும், ஸ்டான்லியும், குழந்தைகளுக்கு எழும்பூர் அரசுக் குழந்தைகள் நல மருத்துவமனையும் இந்நோயைப் பார்த்துப் பழகியவை. படுக்கை நெருக்கடியும், வராந்தாவில் துண்டு விரித்துக் காத்திருக்கும் அட்டெண்டர்களின் சிரமமும் உண்மையே. கட்டணச் சுமை இல்லாமல் இரண்டாம் கட்டம்வரை போக முடிவதும் உண்மை. தனியார் மருத்துவமனையில் சோதனைகளும் ஸ்கேனும் விரைவாக நடக்கும். நாட்கள் இழுத்தால் தீவிர சிகிச்சைக் கட்டணமே மருந்தின் விலையைத் தாண்டிவிடும். முதல் சுற்றைத் தனியாரிலும், தேறாவிட்டால் அடுத்த சுற்றை அரசு மருத்துவமனையிலும் என்று போகும் குடும்பங்கள், கையிருப்பு முழுவதும் தீரும் நாள்வரை காத்திராமல் முன்னதாகவே மாற்றத்தைப் பேசினால் நல்லது; செயற்கைச் சுவாசத்தில் இருப்பவரை ஆம்புலன்ஸில் மாற்றுவது எளிய காரியமில்லை.

முதல்வரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை வரம்பு உண்டு. ஆனால் எந்தச் சிகிச்சை எந்தத் தொகுப்பின்கீழ் அனுமதிக்கப்படும் என்பதை மருத்துவமனையிலுள்ள காப்பீட்டு மேசையில் சேர்க்கை நாளிலேயே கேட்டு, முன்அனுமதி விண்ணப்பத்தில் நோயின் பெயர் சரியாக எழுதப்பட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ‘மூளைக்காய்ச்சல்’ என்று பொதுவாக எழுதிவிட்டால் ஐ.வி.ஐ.ஜி. எதற்கு என்ற கேள்வி எழும்பிக் கோப்பு நின்றுவிடக்கூடும். தனியார் காப்பீட்டுக்கும் இதே எச்சரிக்கை.

பிறகு, வீட்டுக்கு வந்தபின் ஆகும் செலவு. பேச்சுப் பயிற்சி, பிசியோதெரபி, வலிப்பு மருந்து, மாதாந்திரப் பரிசோதனை, பார்த்துக்கொள்ள ஒருவர் வேலைக்குப் போகாமல் இருப்பது ஆகிய எல்லாம் மருத்துவமனையின் பில்லில் வராதவை. 2013 ஆய்வில் 24 மாதங்களில் 81 சதவீதத்தினர் நல்ல நிலையை எட்டினார்கள்; தேறுவது மெதுவாக, மாதங்கள் கடந்து நடந்தது. இரண்டு ஆண்டுகளுக்குள் நோய் திரும்பியவர்கள் 12 சதவீதம். ஆகவே வெளியேற்றச் சுருக்கம், ஆன்டிபாடி முடிவு, ஸ்டீராய்டு குறைக்கும் அட்டவணை, கடைசி ரிட்டுக்சிமாப் தேதி ஆகியவற்றை ஒரே கோப்பில் வைத்திருங்கள். தூக்கம் கெடுவதோ, பழைய பயம் திரும்புவதோ, கை வெட்டுவதோ தொடங்கிய வாரத்திலேயே அந்தக் கோப்போடு நரம்பியல் புறநோயாளிப் பிரிவுக்குப் போக வேண்டும். முன்பு எதற்கு உடல் இசைந்தது என்று அதில் எழுதியிருந்தால், இம்முறை எதிலிருந்து தொடங்குவது என்ற விவாதமே சுருங்கிவிடும்.